சுருள்வில்லில் கத்தரி

அக்கா மகளின் முடி நனைந்தால் இடுப்பைத் தொடும். காய்ந்தால் முதுகில் பாதிக்கு ஏறிவிடும். பொங்கல் விடுமுறைக்கு வந்தவள், ஒரு காலையில் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். கையில் இருந்த ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். படத்தில் அவளைப் போலவே ஒரு சுருட்டைமுடிக்காரி. பின்பக்க நீளம் அப்படியே இருக்க, முகத்தின் இரண்டு பக்கமும் முடி தாடை உயரத்தில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கீழே இறங்குகிறது.

“சித்தி, இந்த மாதிரி ஃபேஸ் ஃப்ரேமிங் லேயர் வெட்டிக்கலாமா, வேணாமா?”

நான் வாய் திறக்கும் முன்பே அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “இருக்கிற முடியைக் காப்பாத்த வழியில்ல, இதுல வெட்டணுமாம்.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. யோசிக்காமல் ‘சரி’ சொல்லிவிட்டு அனுபவித்தவள் நான். நான் கல்லூரியில் படித்தபோது இதற்கு ஸ்டெப் கட் என்று பெயர். பார்லரில் என் முடியைத் தண்ணீர் தெளித்து நனைத்தார்கள். சீப்பால் இழுத்து நேராக்கினார்கள். காறையெலும்புக்கு நேரே, அளவு பிசகாமல் வெட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் முடி காய்ந்தது. காறையெலும்பில் இருந்தது உதட்டுக்கு வந்து, அங்கேயே இரண்டு பக்கமும் விரிந்து நின்றது. பின்னலில் சேராது, காதுக்குப் பின்னாலும் நிற்காது. இரண்டு வருஷம் ஹேர்பின் குத்தியே காலம் தள்ளினேன். வெட்டிய அம்மாளைக் குறை சொல்லமாட்டேன். நேர்முடிக்கு அவர் செய்தது முற்றிலும் சரி. அவர் கையில் இருந்தது நேர்முடி இல்லை, சுருள்வில் என்பதுதான் சிக்கல். பத்தாம் வகுப்பு இயற்பியலில் சுருள்வில்லைப் பற்றிப் படித்து மதிப்பெண் வாங்கிய எனக்கும் அது அப்போது தோன்றவில்லை.

முடி ஏன் சுருள்கிறது என்பதற்கு நம் வீடுகளில் பல பதில் உண்டு. அப்பா வழிச் சொத்து என்பார்கள், போர்த் தண்ணீர் என்பார்கள், சின்ன வயசில் ஒழுங்காக எண்ணெய் வைக்கவில்லை என்பார்கள். முதல் பதிலில் மட்டும் விஷயம் இருக்கிறது. தோலுக்கு அடியில் முடி முளைக்கும் வேர்க்கால், நேர்முடிக்காரர்களுக்குக் கிணறு போல நேராக இறங்கும். சுருட்டைமுடிக்காரர்களுக்குச் சாய்ந்து இறங்கி, அடியில் கொக்கி போல் வளைந்திருக்கும். அந்த வளைவின் உள்பக்கச் செல்களும் வெளிப்பக்கச் செல்களும் ஒரே மாதிரி முதிர்வதில்லை. கெரட்டின் புரதம் இரு பக்கமும் ஒரே சீராகப் படிவதுமில்லை. ஆகவே தோலைத் தாண்டி வெளியே வரும்போதே முடி வளைவோடுதான் வருகிறது. லோரியால் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சுருட்டைமுடியின் வேர்க்காலைத் தலைத்தோலிலிருந்து பிரித்தெடுத்து ஊட்டக் கரைசலில் வளர்த்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான அந்த ஆய்வில், தலையை விட்டு வந்த பிறகும் வளைந்த வேர்க்காலிலிருந்து வளைந்த முடியே முளைத்தது. எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அங்கே வேலையே இல்லை.

இதிலிருந்து ஒரு சின்ன முடிவு. ‘வெட்டிவிட்டால் அடர்த்தியாக வளரும்’ என்று சொல்வதும், ‘வெட்டினால் சுருள் போய்விடும்’ என்று பயப்படுவதும் இரண்டுமே தப்பு. வெளியே தொங்கும் முடி உயிரற்றது. அதன் நுனியில் கத்தரி பட்ட செய்தி வேர்க்காலுக்குப் போய்ச் சேர வழியே கிடையாது. வெட்டினால் மாறுவது எடை. சுருட்டைமுடியில் எடை மாறினால் வடிவம் மாறுகிறது.

“என்னுது 3பி, சித்தி” என்றாள் அவள். இந்த எண்ணும் எழுத்தும் ஓப்ரா வின்ஃப்ரேயின் சிகையலங்காரக் கலைஞராக இருந்த ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. நேர்முடி 1, அலைமுடி 2, சுருள் 3, இறுகிய சுருள் 4, ஒவ்வொன்றுக்கும் உட்பிரிவு. பேசிக்கொள்ள வசதியான பட்டியல். ஆனால் ஒரே தலையில் மூன்று வகை இருக்கும் என்பதை அது சொல்லாது. அவள் தலையையே எடுத்துக்கொண்டால், பிடரியில் பென்சிலைச் சுற்றி எடுத்தது போன்ற சுருள், உச்சியில் வெறும் நெளி, நெற்றியோரத்தில் மெல்லிசாக, ஸ்கெட்ச் பேனா கனத்துக்குச் சுருண்ட முடி. ஃபேஸ் ஃப்ரேமிங் என்று வெட்டப்போவது இந்த நெற்றியோர முடியைத்தான். படத்தில் இருக்கும் பெண்ணின் நெற்றியோரம் எந்த வகை என்று நமக்குத் தெரியாது.

இப்போது சுருள்வில்லுக்கு வருவோம். கோயில் திருவிழாக் கடைகளில் வானவில் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சுருள் விற்பார்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறு முனையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மேலே வளையங்கள் அகல அகலமாகப் பிரிந்து நிற்கும். கீழே வரவர நெருங்கும். கடைசி நாலைந்து வளையம் ஒட்டிக்கொண்டே இருக்கும். மேல் வளையம் தனக்குக் கீழே உள்ள அத்தனை வளையத்தின் எடையையும் தாங்குகிறது. கடைசி வளையத்துக்குத் தாங்க எதுவும் இல்லை. நீளமான சுருட்டைமுடி தலையருகே வெறும் நெளியாகவும் நுனியில் மோதிரம் மோதிரமாகவும் இருப்பது இதனால்தான். மேலே சுருள் ‘செத்துவிட்டது’ என்று நினைத்து விதவிதமாக க்ரீம் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். சாகவெல்லாம் இல்லை, பாரத்தில் இழுபட்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

இதைச் சூத்திரமாக எழுதியவர்கள் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெத்ரு ரெய்ஸ், ஜேம்ஸ் மில்லர், அர்னோ லாசரஸ் ஆகியோர் பாரிஸைச் சேர்ந்த பசீல் ஓதோலியுடன் சேர்ந்து, ‘தொங்கும் ஒற்றைச் சுருள்முடியின் வடிவங்கள்’ என்ற பொருளில் 2014-இல் பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உண்மையான முடியை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. உருளையில் சுற்றிய குழாய்க்குள் ரப்பர் போன்ற ஒரு திரவத்தை ஊற்றி, இறுகிய பின் வெளியே எடுத்தால் ஒரு வளைந்த தண்டு கிடைக்கும். உருளையின் பருமனை மாற்றினால் வளைவின் அளவு மாறும். இப்படிப் பல வளைவுகளில் தண்டுகள் செய்து தொங்கவிட்டு, கூடவே கணினியிலும் கணக்கிட்டார்கள். வடிவத்தைத் தீர்மானித்தவை தண்டின் இயல்பான வளைவு, விறைப்பு, எடை, நீளம். இவற்றில் ஒன்று மாறினாலும் தண்டு நேராகத் தொங்கும் நிலையிலிருந்து, நுனியில் மட்டும் கொக்கி போட்ட நிலைக்கோ, நுனிப் பகுதி மட்டும் சுருண்ட நிலைக்கோ, முழுக்கச் சுருண்ட நிலைக்கோ போகிறது. கடலடிக் கேபிளையும் குழாயையும் உருளையிலிருந்து பிரிக்கும்போது அவை எப்படி வளைந்து நிற்கும் என்று பொறியாளர்கள் கேட்கும் கேள்விக்கும் இதே கணக்குதான் விடை. அந்தக் கட்டுரைக்கு இரண்டு வருஷம் முன்பு ‘பிரேவ்’ படத்தில் நாயகி மெரிடாவின் சிவப்புச் சுருள்முடியை ஆடவைக்க பிக்ஸார் நிறுவனம் தனி மென்பொருளே எழுத வேண்டியிருந்தது. அவள் ஓடினால் சுருள் துள்ள வேண்டும், ஆனால் பிரிந்து நேராகிவிடக் கூடாது. நிஜ முடியில் இது இயல்பாக நடக்கிறது.

வடிவத்தைத் தீர்மானிக்கும் அந்த நாலில் வளைவும் விறைப்பும் பிறப்போடு வந்தவை. கத்தரிக்காரர் கையில் இருப்பது நீளமும், அதோடு சேர்ந்து எடையும். இந்த இரண்டும் சேர்ந்து குறைவதில்தான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. சுருள்வில்லின் நீளத்தைப் பாதியாக்கினால் தொங்கும் எடை பாதியாகிறது. நீள வாக்கில் இழுபடும் வளையங்களின் எண்ணிக்கையும் பாதியாகிறது. பாதியில் பாதி, கால். அதாவது முடியைப் பாதியாக வெட்டினால், பாரத்தால் அது இறங்கியிருந்த அளவு பாதியாகாது, நாலில் ஒரு பங்காகும். மிச்சம் அத்தனையும் மேலே ஏறிக்கொள்ளும். ‘ரெண்டு இஞ்சுதான் வெட்டச் சொன்னேன், நாலு இஞ்சு போயிடுச்சு’ என்று பார்லருக்கு வெளியே நின்று அழுத பெண்களில் பாதிப் பேர் விஷயத்தில் வெட்டியவர் சொன்னபடிதான் வெட்டியிருப்பார்.

அப்படி எவ்வளவு எடை இருந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். முடியின் தடிமனை 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 60 சென்டிமீட்டர் நீள முடி ஒன்று சுமார் 3 மில்லிகிராம் இருக்கும். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. பெருக்கினால் 300 கிராம். வேர்க்கால்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரு முடியைச் சுருட்டி வைத்திருக்கும் விசை அந்த 3 மில்லிகிராமோடுதான் மல்லுக்கட்டுகிறது. அதற்கு இது பெரிய பாரம்.

“சரி, என் முடிக்கு என்ன கணக்கு?” என்றாள்.

தையல் மெஷின் டிராயரிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்துவந்தேன். நெற்றியோரத்தில் வகிட்டுக்கு அருகே ஒரே ஒரு சுருள் கொத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டோம். ஈரமாக இருக்கும்போதே நேராக இழுத்து அளந்தால் 24 அங்குலம். பிறகு விட்டுவிட்டு, மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் காய வைத்தோம். தானாகத் தொங்கும்போது அளந்தால் 17. மூன்றாவது அளவுதான் யாரும் எடுக்காதது. அவளைத் தரையில் படுக்கவைத்து, அந்தக் கொத்தைத் தலையணைமேல் இழுக்காமல் அப்படியே விட்டேன். இப்போது எடை இழுக்கவில்லை. தானாகச் சுருண்டு கிடந்த நீளம் 13.

ஆக, 24 அங்குல முடி தன் விருப்பத்துக்கு விட்டால் 13 அங்குலம்தான். நிற்கும்போது எடை இழுப்பதால் 4 அங்குலம் இறங்கி 17 ஆகத் தெரிகிறது. அந்த 4 அங்குலத்துக்குத்தான் நாலில் ஒரு பங்குக் கணக்கு. இழுத்த அளவில் 12 அங்குலமாக வெட்டினால், சுருண்ட நீளம் ஆறரை, எடையால் இறங்குவது ஒரே ஒரு அங்குலம், மொத்தம் ஏழரை. அவள் முகத்தில் ஏழரை அங்குலம் என்பது மேலுதடு. ஈரத்தில் இழுத்துப் பிடித்தால் அதே 12 அங்குலம் காறையெலும்பைத் தொடும். கல்லூரியில் எனக்கு நடந்தது எண்களோடு எதிரே வந்து நின்றது.

படத்தில் உள்ளதுபோல் தாடையைத் தொட வேண்டுமானால், கன்னத்தைச் சுற்றி வரும் வளைவையும் சேர்த்து, தொங்கும் நீளம் 9 அங்குலம் வேண்டும். கணக்குப்படி இழுத்த அளவில் 14-இல் வெட்ட வேண்டும். பத்து அங்குலம் போகும். காறையெலும்பு உயரம் போதும் என்றால் தொங்கும் நீளம் 12. அதற்கு 18-இல் வெட்டினால் சரி, ஆறு அங்குலம்தான் போகும். தாளில் எழுதிக் காட்டினேன். இது துல்லியமான கணக்கு இல்லை. சுருள்வில் கொஞ்சமாக இழுபடும்வரைதான் இந்த விகிதம் பொருந்தும். கொத்தில் உள்ள முடிகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதையும் இது கணக்கில் எடுக்காது. அரை அங்குலம் முன்னே பின்னே போகும். ஆனால் உதட்டுக்கும் காறையெலும்புக்கும் நடுவே உள்ள தூரம் அரை அங்குலம் இல்லை.

ஈரத்தில் ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கெரட்டின் இழைகளைப் பிணைத்து வைத்திருப்பவற்றில் இரண்டு வகை முக்கியம். கந்தக அணுக்கள் கைகோத்த டைசல்பைடு பிணைப்புகள் உறுதியானவை, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்புகள் அப்படி இல்லை. தண்ணீர் உள்ளே போனதும் விட்டுக்கொடுக்கும். காயும்போது, முடி எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரத் தலையில் ஜடை பின்னித் தூங்கி எழுந்தால் நேர்முடியிலும் நெளி விழுவது இதனால்தான். நனைந்த முடி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். இழைகளுக்கு இடையே தங்கும் தண்ணீர் வேறு. பிணைப்பு தளர்ந்த நேரத்தில் பாரமும் ஏறுகிறது. சீப்பு வேறு இழுக்கிறது. அந்த நிலையில் கோடு போட்டு வெட்டினால், காய்ந்ததும் ஒவ்வொரு கொத்தும் தன் தன் விறைப்புக்கேற்ப வேறு வேறு உயரத்துக்கு ஏறும். நெற்றியோரச் சுருள் நிறைய ஏறும், உச்சி நெளி கொஞ்சமாக ஏறும். நேர்கோடு ஏணிப்படி ஆகிவிடும்.

காற்றில் உள்ள ஈரத்துக்கும் முடி அசையும். ஜெனீவாவில் ஒராஸ் பெனெடிக்ட் டி சொஸ்யூர் 1783-இல் மனித முடியை இழுத்துக் கட்டியே ஈரப்பதம் அளக்கும் கருவியை விளக்கி எழுதினார். முழு வறட்சியிலிருந்து முழு ஈரம் வரை போனால் முடி இரண்டு, இரண்டரை சதவீதம் நீளும். அந்த நீட்சி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு இழையும் ஒவ்வொரு அளவில் நீண்டு, கொத்தை விட்டுப் பிரிந்து நிற்பது நன்றாகத் தெரியும். பெங்களூரில் அடங்கி இருக்கும் சுருள் சென்னை சென்ட்ரலில் இறங்கியதும் பஞ்சாகப் பறப்பதைப் பார்க்காத சுருட்டைமுடிக்காரர் உண்டா? நீளமும் எடையும் இருந்தால் இந்தப் பறத்தல் ஓரளவு அடங்கும். முகத்தருகே குறுக்கி வெட்டினால் அடக்க ஆள் இல்லை. கடலோர ஊர்க்காரர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இத்தனை எச்சரிக்கையும் சொல்லிவிட்டு, அப்படியானால் வெட்டவே வேண்டாமா என்றால், எனக்கு அந்தக் கட்சியில் சேர விருப்பமில்லை. ஒரே நீளமாக விட்ட அடர்த்தியான சுருட்டைமுடிக்கு ஒரு குறை உண்டு. உச்சியில் தட்டையாகப் படிந்து, கீழே போகப்போக விரிந்து, தாவணிப் பாவாடை மாதிரி முக்கோணமாக நிற்கும். ஒவ்வொரு சுருளும் பக்கத்துச் சுருளைத் தள்ளுகிறது. மேலே பாரம் இழுப்பதால் தள்ளல் அடங்கிக் கிடக்கிறது. நுனியில் அடக்க எதுவும் இல்லாததால் அகலம் முழுக்க அங்கே போய்ச் சேர்கிறது. ரேமண்ட் கோல்ட்ஸ்டீன், பேட்ரிக் வாரன், ராபின் பால் ஆகிய மூவர் 2012-இல் குதிரைவால் கொண்டையை வைத்து இதைத்தான் ஆராய்ந்தார்கள். இழைகளின் வளைவுகள் ஒன்றையொன்று தள்ளும் அழுத்தத்தையும், விறைப்பையும், புவியீர்ப்பையும் ஒரே சமன்பாட்டில் கொண்டுவந்தார்கள். கோபுர உச்சியிலிருந்து கூந்தலை இறக்கிவிட்ட கதை இளவரசியின் பெயரால் ‘ரபுன்ஸல் எண்’ என்று ஒன்றையும் வைத்தார்கள். முடியின் நீளத்தை, புவியீர்ப்பு அதை வளைக்கத் தொடங்கும் நீளத்தால் (சுமார் 5 சென்டிமீட்டர்) வகுத்தால் வருவது. எண் சிறிதானால் முடி விசிறியாக விரியும். பெரிதானால் அடங்கித் தொங்கும். அந்த ஆண்டு இக் நோபல் பரிசும் அவர்களுக்குக் கிடைத்தது. முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆய்வுக்குத் தரும் பரிசு அது. இதற்கு மிகப் பொருத்தம்.

லேயர் வெட்டுவது இந்த அகலத்தை இடம் மாற்றும் வேலை. முன்பக்கக் கொத்துகள் எங்கே முடிகிறதோ, அங்கே விரியும். கன்னத்தில் முடிந்தால் கன்னத்துக்குப் பக்கத்தில் அகலம், காறையெலும்பில் முடிந்தால் கழுத்துக்குப் பக்கத்தில் அகலம். வட்ட முகத்துக்கு இது, சதுர முகத்துக்கு அது என்று பார்லர் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை. அவை நேர்முடியை மனதில் வைத்துப் போட்டவை. சுருட்டைமுடிக்கு ஒரே கேள்வி போதும்: உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் எந்த உயரத்தில் அகலம் வந்தால் உங்களுக்குப் பிடிக்கும்? கண்ணாடி முன் நின்று, முன்முடியை மடித்து அந்த உயரத்தில் பிடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வெட்டும் முடிவுக்குக் குறுக்கே நிற்பது பல சமயம் அழகு இல்லை, தினசரிப் பழக்கம். அவளிடம் முதலில் கேட்டது, “வாரத்துல எத்தனை நாள் பின்னிப் போடுற?” என்பதுதான். தினமும் இறுகப் பின்னிப் போகிறவர்களுக்குத் தாடையளவு லேயர் ஒரு தொல்லை. முதல் முறுக்கிலேயே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பின்னலில் சேர வேண்டுமானால் குறைந்தது தோள்வரை வேண்டும். தினமும் தேங்காய் எண்ணெய் தேய்ப்பவர்களுக்கு வேறொரு கணக்கு: எண்ணெய் பூசிய முடி நாள் முழுக்கக் கன்னத்திலும் நெற்றியிலும் படிந்தால் அங்கே பரு வரும். தோல் மருத்துவர்கள் இதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இறுக இறுகப் பின்னி நெற்றியோரம் ஏற்கெனவே மெலிந்துவிட்டது என்றாலும் வெட்ட வேண்டாம். இருக்கிற கொஞ்சத்தைக் குறுக்கினால் சுருள் இழை இழையாகப் பிரிந்து இன்னும் மெலிவாகத் தெரியும். கடுங்காய்ச்சலோ பிரசவமோ ஆனவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு எதுவும் சரிவராது. முளைத்து வரும் குட்டி முடியே ஆறு மாதத்தில் இனாமாக ஒரு முன்லேயர் தந்துவிடும்.

ரசாயனத்தால் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொண்டவர்கள் கதை தனி. அதில் உடைவது டைசல்பைடு பிணைப்பு. வெட்டினாலும் நனைத்தாலும் அந்தப் பகுதியில் சுருள் திரும்பாது. வேரில் சுருளும் நுனியில் நேருமாக இருக்கும் முடிக்கு என் இஞ்சு டேப் கணக்கு செல்லாது. நேரான பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் கழிப்பதற்கு முன்லேயர் ஒரு நல்ல சாக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிடிக்கவில்லை என்றால் திரும்ப வளர எத்தனை நாள்? தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வளரும். ஆறு அங்குலம் என்பது 15 சென்டிமீட்டர், ஒரு வருஷத்துக்கு மேல். பத்து அங்குலம் என்றால் கிட்டத்தட்ட இரண்டு வருஷம். அதிலும் சுருட்டைமுடியில் வளர்ந்த ஒரு சென்டிமீட்டர் கண்ணுக்கு முக்கால் சென்டிமீட்டராகத்தான் தெரியும். மீதி சுருளுக்குள் போய்விடும். ‘என் முடி வளரவே மாட்டேங்குது’ என்று புலம்பும் சுருட்டைமுடிக்காரிகளுக்கு மற்றவர்களைப் போலவே வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அவள் வேலைக்குப் போகும்போது வாரத்தில் மூன்று நாள் பின்னல், மற்ற நாளில் கிளிப். ஊரோ சென்னை. நெற்றியோர முடி அடர்த்தி. என் தீர்ப்பு: வெட்டலாம், ஆனால் படத்தில் உள்ள உயரத்தில் வேண்டாம். இழுத்த அளவில் 18, அதைவிடக் குட்டையாகக் கூடாது.

காய்ந்த முடியில் வெட்டுகிற பார்லராகத் தேடிப் பிடித்தாள். சுருள்முடியைக் காய்ந்த நிலையில், ஒவ்வொரு சுருளாகப் பிடித்து வெட்டும் முறையை அமெரிக்காவில் பரப்பியவர்களில் லொரெய்ன் மாசி முக்கியமானவர்; 2001-இல் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நம் ஊரிலும் இப்போது சிலர் செய்கிறார்கள். நானும் கூடப் போனேன். வெட்டிய பெண், “நனைச்சுக்கிட்டாதான் சீரா வரும் மேடம்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இவள் தாளை நீட்டினாள். 24, 17, 13. அவர் படித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தார். சீப்பையும் எடுக்கவில்லை. வகிட்டிலிருந்து ஒரு கொத்தை விரலால் பிரித்து, சுருளின் போக்கிலேயே நுனிவரை தடவி வந்து, வளைவு திரும்பும் இடம் பார்த்து ஒரே வெட்டு. விட்டதும் கொத்து மேலே துள்ளி நின்றது. அது நின்ற இடத்தைப் பார்த்துத்தான் அடுத்த கொத்தைத் தொட்டார். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைந்து, பதினாறு கொத்து. முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடியை மெலிதாக்கும் பல்லுக் கத்தரியையும் ரேஸரையும் அவர் தொடவே இல்லை. சுருட்டைமுடியில் அவை நுனியைப் பிசிறாக்கும்; பிசிறு காற்று ஈரத்தில் பறக்கும்.

வீட்டுக்கு வந்து அளந்தோம். வலது பக்கம் 12 அங்குலம், கணக்குப்படி. இடது பக்கம் பதினொன்றரை. அந்தப் பக்கச் சுருள் கொஞ்சம் இறுக்கம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அளந்தது வலது பக்கத்தை மட்டும்தானே.

உங்களுக்கும் வெட்டும் எண்ணம் இருந்தால், இரண்டு பக்கமும் தனித்தனியாக அந்த மூன்று அளவையும் எடுத்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் தடவை ஆசைப்படுவதைவிட இரண்டு அங்குலம் நீளமாகவே வெட்டச் சொல்லுங்கள். போகிற அன்று தலையில் எண்ணெய் வேண்டாம்.